அசல் சிரிப்பு

"அடக் கொடுமையே! நிறுத்துங்க மேடம், நிறுத்துங்க!"

சவுண்டு சார் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

திரையில் முப்பது வருஷத்துக்கு முந்தைய நகைச்சுவைத் தொடர். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்ட மனைவியிடம் கணவன் சொல்கிறான்: "உன்னை வேலைக்கு வெச்சா அந்த முதலாளி தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்!" உடனே பின்னணியில் கொல்லென்று சிரிப்பு.

"இதுக்கா மேடம் அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம்? நெனைச்சாலே பதறுது."

மொத்தம் இருபத்தாறு எபிசோட். சாயங்காலம் பிள்ளைகள் டி.வி. பார்க்கும் நேரத்தில் மறுபடி போடலாமா என்று சேனலில் ஒரு யோசனை. பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர்: நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மேடம், ஒலிப்பதிவுப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்ட சவுண்டு சார்.

"மொத்தமா ஒதுக்க வேணாம் சார். நல்ல சீனும் நிறைய இருக்கு. ஆகாததை மட்டும் வெட்டிட்டுப் போடலாமே?" என்றார் மேடம்.

"வெட்ட ஆரம்பிச்சா என்ன மிஞ்சும்? நான் பொண்ணைப் பெத்தவன் மேடம். பத்து வயசு. பொண்டாட்டியை மட்டம் தட்டறதுதான் தமாஷுன்னு அவ மனசுல பதிஞ்சுட்டா? நாளைக்கு ஒருத்தன் அவளை மட்டம் தட்டறப்போ அவளும் சேர்ந்து சிரிப்பா. அது வேணுமா நமக்கு?"

மேடம் அவரையே பார்த்தார்.

"உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க சார்."

சவுண்டு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியிலேயே வெட்டிப் போடச் சம்மதித்தார்.

பட்டியல் தயாரானது. மூன்று கட்டம்: எபிசோட் எண், வசனம், வெட்டக் காரணம். சிவப்புப் பேனா அவர் கையில்தான். மனுஷர் தயவு தாட்சண்யமே பார்க்கவில்லை. நாலு நாளில் முப்பத்தெட்டு வசனம் காலி.

அதில் ஒரு தொல்லை வந்தது. வெட்டிய இடத்திலெல்லாம் சிரிப்பும் பாதியில் அறுந்து கேட்டது. ஒட்டுப் போட வேறு சிரிப்பு வேண்டும். சேனலின் கையிருப்பில் இருந்ததோ தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருந்தது.

"கவலைய விடுங்க. எங்கிட்ட அசல் சிரிப்பே இருக்கு. தொடரோட ஃபோல்டர்லயே போட்டு வெக்கிறேன்," என்றார் சவுண்டு சார்.

பொய்யில்லை. போன மாதம் அவருடைய கல்யாண நாள் விருந்துக்கு வீட்டில் இருபது பேர் வந்திருந்தார்கள். புது மைக் ஒன்றைச் சோதித்துப் பார்க்க, அதை விருந்தாளிகள் பக்கம் வைத்திருந்தார். சபையைச் சிரிக்க வைப்பதில் அவர் கில்லாடி. அன்றைக்குக் கூரை பறந்தது.

அந்தப் பதிவைக் கணினியில் திறந்தார். காது கொடுத்துக் கேட்க நேரமில்லை, தேவையுமில்லை. திரையில் தெரியும் ஒலி அலையைப் பார்த்தே எது சிரிப்பு என்று சொல்லிவிடுவார். இருப்பதிலேயே உயரமான அலையைப் பிடித்தார். சிரிப்பு எங்கே கிளம்புகிறது என்று தெரிவதற்காக முன்னால் கொஞ்சம் விட்டு வெட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படியே தாராளமாக விட்டு வெட்டி ஃபோல்டரில் போட்டார்.

மறுநாள் காலை அவர் உள்ளே நுழைந்ததும் மேடம் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"சார், நம்ம கண்ணுல ஒரு சீன் தப்பியிருக்கு. படம் இல்ல, சத்தம் மட்டும்தான் ஃபோல்டர்ல கிடந்துது. எந்த எபிசோடுன்னு தெரியல."

பொத்தானை அழுத்தினார்.

எட்ட இருந்து ஓர் ஆண் குரல்: "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்ணைத் திறந்துக்கிட்டே கிணத்துல விழுந்தேன். அதுக்குத்தாங்க இன்னிக்கு விருந்து!"

சிரிப்பு.

"இப்ப அம்மணி கார் ஓட்டக் கத்துக்கணுமாம்! சுவத்துல முட்டிக்காம சமையல்கட்டுக்கு நடக்கவே இன்னும் வரல!"

சிரிப்பு.

நடுவில் மெல்லிசாக ஒரு குழந்தையின் குரல்: "அப்பா, போதும்ப்பா. அம்மா அழறாங்க."

"அழட்டும்டி! மூஞ்சி கழுவற தண்ணி மிச்சம்!"

அப்போது எழுந்ததுதான் அந்த உயரமான அலை. இருபது பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

மேடம் நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளை கெஞ்சறதுக்கும் சிரிப்பு வெச்சிருக்காங்க பாருங்க! இதை எழுதினவனுக்கு நெஞ்சா, கல்லா? இது பிள்ளைங்க காதுல விழவே கூடாது சார்."

இத்தனை நாளும் சவுண்டு சாருக்குச் சிரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. தான் சொன்னது ஞாபகமில்லை. மகள் பேசியது காதிலேயே விழுந்திருக்கவில்லை. விருந்தின் நடுவே மனைவி ஈர முகத்தோடு வந்து பரிமாறியது இப்போது ஞாபகம் வந்தது. அடுப்படி வெக்கை என்று நினைத்திருந்தார்.

"பட்டியல்ல ஏத்துங்க சார். முதல்ல எபிசோட் நம்பர்."

சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் கட்டத்தில் எழுதினார்.

மேடம் எட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தாறா? மொத்தமே இருபத்தாறுதானே சார்?"

"அது எங்க வீட்டு நம்பர் மேடம்."