சாம்பிராணி என்று நினைத்த புகை

அமீரகத்தில், ராஸ் அல் கைமாவின் மலையடிவார வீட்டில் ஜனவரிக் காலை. கூடத்து மூலையில் மரத்தூள் குச்சிகளை எரிக்கும் கணப்படுப்பு உறுமுகிறது. அதன் கண்ணாடி கறுத்திருக்கிறது. உள்ளே சுடர் மங்கிச் சோம்பலாக ஆடுகிறது. சாம்பலை அள்ளிப் புகைக்குழாயைத் துடைக்க வந்த ஆளை முந்தாநாள் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்தான். மருமகள் ருகையா பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள் ஆகிறது. நாற்பது நாள் கழியும்வரை அந்நிய ஆண் எங்கள் குடும்பத்தில் படியேறியதில்லை. கூடமெங்கும் நீலப் புகை மிதக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் காட்டிய சாம்பிராணி என்று இருந்துவிட்டேன். "இன்னைக்கு இன்னும் சாம்பிராணியே போடலியே," என்கிறாள் என் மனைவி ஜுலைஹா, கையில் நெருப்பில்லாத சட்டியோடு. கதவு அதிர்கிறது. பக்கத்து வீட்டு டிரைவர் சதீஷ்குமாரின் குரல்: "பாய், வெளிய உங்க குழாயில புகையே வரல! எல்லாம் உள்ளதான் நிக்குது. கதவத் தொறங்க!" உள்ளறையில் பிள்ளையோடு படுத்திருக்கும் ருகையாவைக் கூப்பிடுகிறேன். பதில் இல்லை. உள்ளறைத் திரை அசையவில்லை. தாழ்ப்பாளில் கை வைக்கிறேன். "உள்ள பொம்பளைங்க இருக்காங்க," என்று பழக்கத்தில் வாய் சொல்கிறது. "அதுக்குத்தான் பாய் தட்டுறேன்!" தாழை இழுக்கிறேன். குளிர்காற்றோடு அவன் செருப்புக்காலுடன் ஓடி, நான் காத்த திரையை விலக்கி உள்ளே போகிறான். நிலையைப் பிடித்தபடி, பிள்ளையின் அழுகைக்குக் காது கொடுத்து நிற்கிறேன். எங்கள் வீட்டுக் குரல் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று வாழ்ந்தவன் நான். அழு கண்ணே, தெருவெல்லாம் கேட்க அழு.