மஞ்சள் பட்டை

"கொழம்பு கெட்டுப்போச்சு. யாரும் திங்காதீங்க" என்றான் என் அண்ணன் செல்வின்.

அம்மாவும் நானும் குழம்பை முகர்ந்து பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட, நிறம் மாறும் பட்டை மஞ்சளாக இருந்தது. பச்சை என்றால் மனம் தெளிவாக இருக்கிறது. மஞ்சள் என்றால் நோய் தலைதூக்குகிறது. பட்டை வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அண்ணன் சோற்றில் விஷம் என்பான். ஒவ்வொரு முறையும் நாங்கள் தின்று காட்டுவோம். இப்போது அந்த வேலை மிச்சம்.

"மஞ்சள்ல இருந்துக்கிட்டு எனக்குச் சமையல் சொல்லித் தாரான்" என்றாள் அம்மா. "நீ மோர் ஊத்தித் தின்னுல."

அது முந்தின நாள் வைத்த சாளை மீன் குழம்பு. நான் இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் இருவரும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டோம். வாளி வைத்ததும் கழுவியதும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். பட்டை அப்போதும் மஞ்சள். "அப்பவே சொன்னேம்லா" என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அம்மா புதுக் குழம்பு வைத்து, சட்டியை அவன் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மோந்து பாத்துச் சொல்லு மக்கா. நீ சொன்னாத்தான் திம்போம்."

அண்ணன் சட்டிப் பக்கம் குனியவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னும் மஞ்சளாத்தாம்மா இருக்கு" என்றான். "பச்சை ஆவட்டும், சொல்லுதேன்."