கோஷ்டிக்குப் புதுசு

"கொஞ்சம் ஆடாம நில்லுங்க. நமக்குக் குடுத்திருக்கறது மொத்தமே பதினஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே, எதிரே நின்றவரின் கோட்டில் குழுவின் நீலப் பட்டையைத் தானே குத்திவிட்டாள் வெர்னா.

"அம்மா, நான் வந்து..."

"பத்தரை மணிக்கு ஹால்வர்சனைப் பார்க்கத்தானே?"

"ஆமா."

"நெப்ராஸ்காதானே? வெளிநாட்டு உதவி விஷயமாத்தானே?"

"அதைப் பத்திப் பேசத்தான். ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். உங்களுக்கு முதல் தடவை, அதான் உதறுது. எனக்கு இது ஆறாவது. என் பின்னாடியே வாங்க."

வெர்னா முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் குரலுக்கு அடங்காத பிள்ளை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை கைக்காசு போட்டு வாஷிங்டனுக்கு வருவாள். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு மருந்தும் சாப்பாடும் வாங்கிக் கொடுக்கும் உதவிப் பணத்தை வெட்டிவிடாதீர்கள் என்று தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஹால்வர்சனிடம் மன்றாடுவாள். அவரும் வருஷம் தவறாமல் "பரிசீலிக்கிறேன்" என்பார்.

இந்தத் தடவை கூட வர வேண்டிய இருவரும் பனிப்புயலில் டென்வர் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். "தனியாப் போகாதே, யாரையாவது பிடிச்சு அனுப்பறேன்" என்று குழுத் தலைவி மார்லிஸ் ஃபோனில் சொல்லியிருந்தாள்.

ஹால்வர்சன் அலுவலக வாசலில் நின்ற இவரைப் பார்த்ததில் வெர்னாவுக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. பெயர் ஆர்லோ. சோளம் போடுகிற விவசாயி. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"பேச வேண்டியதை நான் பேசிக்கறேன். நீங்க தலையாட்டினா போதும்" என்று அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஹால்வர்சன் கைகுலுக்கி, உட்காரச் சொல்லி, கடிகாரத்தையும் பார்த்துவிட்டார். வெர்னா காகிதத்தைப் பிரித்தாள்.

"ஐயா, அரசாங்கத்தோட மொத்தச் செலவுல வெளிநாட்டு உதவிங்கறது நூத்துல ஒரு பங்கு..."

"ஒரு பங்குன்னாலும் நம்ம காசுதானே?"

சொன்னது ஆர்லோ! வெர்னா மேஜைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள். அவர் முகம் சுளித்தாரே தவிர, வாயை மூடவில்லை.

"எங்க ஊர்ப் பாலம் இடிஞ்சு நாலு வருஷம் ஆச்சுங்க. சந்தைக்குப் போக எட்டு மைல் சுத்தறோம். அதைக் கட்டாம ஊரான் பிள்ளைக்கு எதுக்குக் குடுக்கணும்?"

ஹால்வர்சனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நியாயமான கேள்வி. சொல்லுங்கம்மா."

"பாலமும்தான் வேணும்! இதை நிறுத்திட்டா அதைக் கட்டிடுவீங்களா? ஐயா, உங்களைத்தான் கேக்கறேன். கட்டிடுவீங்களா?"

ஹால்வர்சன் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"சரிங்க," ஆர்லோ விடுவதாக இல்லை. "குடுக்கற காசு போய்ச் சேருதுன்னு யாரு கண்டா? நடுவுல இருக்கறவன் முழுங்கிட்டா?"

"நான் கண்டேன்!"

வெர்னா காகிதத்தை மடக்கிப் பைக்குள் திணித்தாள்.

"போன கோடையில ஆப்பிரிக்காவுல மலாவிக்குப் போயிருந்தேன். ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே கிளம்பி, நடந்தே வந்த தாய்மாருங்க வரிசையா நிக்கறாங்க. எனக்குப் பிள்ளைங்களைப் பார்த்தா தலை எண்ணாம இருக்க முடியாது, பஸ் ஓட்டின பழக்கம். எண்ணினேன். காய்ச்சலோட நாப்பத்தி மூணு பிள்ளைங்க. நம்ம உதவியில வந்த மலேரியா மருந்து முப்பத்தாறு பேருக்குத்தான் மிச்சம் இருந்துச்சு. மீதி ஏழு பேரை நாளைக்கு வரச் சொன்னா நர்ஸ். எனக்கு மனசு கேக்கல, மறுநாளும் போய் நின்னேன். ஆறு பேர்தான் வந்தாங்க."

ஆர்லோ தொப்பியைக் கசக்குவதை நிறுத்தினார்.

"அந்த ஏழாவது குழந்தை?" என்றார் ஆர்லோ மெதுவாக.

"தெரியாது. கேக்க எனக்குத் தைரியம் வரல."

ஆர்லோ கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். கூரை அதிர்ந்தது. அதற்கப்புறம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஹால்வர்சன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வருஷா வருஷம் வந்து புள்ளிவிவரம்தானேம்மா படிச்சீங்க? இப்படி ஒரு நாள்கூடப் பேசினதில்லையே."

"இப்படி யாரும் கேட்டதில்லையே, ஐயா."

உதவிப் பணத்தை வெட்டக்கூடாது என்று வெர்னா எழுதிக்கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த ஆதரவுக் கடிதத்தை ஹால்வர்சன் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டார். வெர்னா ஒரு தடவைக்கு இரண்டு தடவை அதைப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்து கதவு மூடியதும் ஆர்லோவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆளுய்யா நீங்க! தலையாட்டச் சொன்னா, காரியத்தையே கெடுக்கப் பார்த்தீங்களே! எட்டு மைல் சுத்தறாராம், எட்டு மைல்!"

"நிஜமாவே எட்டு மைல்தாங்க."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போகட்டும். உள்ளதைச் சொல்லணும்னா, நீங்க எதிராளி மாதிரி குடையக் குடையத்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு. பிரமாதமான நடிப்பு! மார்லிஸ் சொல்லிக் குடுத்தாளா?"

"மார்லிஸா? அது யாருங்க?"

ஆர்லோ தயங்கித் தயங்கிக் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கனத்த உறையை எடுத்தார்.

"வெளிநாட்டுக்குச் சல்லிக்காசு குடுக்கக்கூடாதுன்னு எங்க ஊர்ல நானூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு இது, ஹால்வர்சன்கிட்ட குடுத்துட்டு வாடான்னு என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாங்க. இப்ப ஊருக்குப் போய் அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு, அம்மா, நீங்களே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க."