மனைவியின் பெயர்

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் வரிசையில், சுகிர்தா உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பக்கம் அவளுடைய கணவன் தவநேசன், சாட்சியாக.

சாட்சிக் கூண்டு என்று எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கிளாஸ் தண்ணீர். எதிரே, மூன்று நாடுகளிலிருந்து வந்த மூன்று நீதிபதிகள். இடப்பக்கம் அந்தத் தளபதி. மருத்துவமனை மீது செல் குண்டு அடிக்கச் சொன்னவர் என்பது வழக்கு. வயதாகியிருந்தது. மடியில் கம்பளிப் போர்வை.

ஹெட்போனில் ஒரு பெண் தமிழில் பேசினாள். தமிழ்நாட்டுத் தமிழ். வழக்கறிஞர் கேட்பதைச் சற்றுப் பிந்திச் சொன்னாள்.

"உங்க மனைவியோட பெயர்?"

சுகிர்தா தன்னையறியாமல் நிமிர்ந்தாள்.

"வதனி," என்றான் தவநேசன்.

கலியாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தான். எனக்கு முந்தி ஒருத்தி இருந்தவ. சண்டையிலை செத்துப்போனா. மிச்சத்தைக் கேக்காதையும்.

அவள் கேட்கவில்லை. பெயரைக்கூட.

மிச்சத்தை இப்போது அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

காலில் காயப்பட்ட வதனி. பள்ளிக்கூடத்துக்குள் இயங்கிய மருத்துவமனை. கூரையில் பெரிதாக வரைந்த சிவப்புச் சிலுவை. உள்ளே இடமில்லாமல் மரத்தடியில் விரித்த பாய். அவள் தண்ணீர் கேட்டது. அவன் போத்தலோடு கிணற்றடிக்குப் போனது. திரும்பி வந்தபோது மரம் இல்லாதது.

தளபதியின் வழக்கறிஞர் எழுந்தார். செல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?

"என்ரை தலைக்கு மேலாலைதானே போனது. போன பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நீதிபதிகளில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

தளபதி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே வந்த தவநேசன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அவனுடைய ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். டிராம் வரும்வரை பக்கத்தில் நின்றாள்.

"நீர் உதெல்லாம் கேட்டிருக்க வேண்டாம்."

"நான் வந்ததே கேக்கத்தானப்பா."

தீர்ப்பு வரவில்லை.

விசாரணை முடிவதற்கு முன்பே தளபதி இறந்துவிட்டார். நோயில், கட்டிலில், மகள் பக்கத்தில் இருக்க. இறந்தவர் மீது வழக்கு நடத்த முடியாதாம். குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. போனில் இதைச் சொன்ன நீதிமன்றப் பெண் மன்னிப்புக் கேட்டாள். உங்கள் சாட்சியம் பதிவில் என்றைக்கும் இருக்கும் என்றாள்.

தமிழ்க் கடைக்காரர் இராசகுலம் பலசரக்குப் பையை நீட்டியபடி சொன்னார்: "நான் அப்பவே சொன்னனான் தம்பி. உவங்களாலை ஒண்டும் ஏலாது."

தவநேசன் பையை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து, பையைச் சமையலறைத் தரையில் வைத்தான். அதன் பிறகுதான் குரல் உடைந்தது.

"இதுக்கோ அவவின்ரை பேரைக் கொண்டுபோய் அத்தினை பேருக்கு முன்னாலை வைச்சனான்?"

சுகிர்தா அடுப்பை அணைத்தாள்.

"எனக்கு முன்னாலையும் வைச்சனீங்கள்."

அவளுடைய தோளில் முகத்தை வைத்து அவன் அழுதான். சத்தமாக. அவன் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதோடே அவன் தலையைத் தடவினாள்.

வதனி இறந்தது ஒரு மே மாதத்தில்.

வருடாவருடம் அந்த நாளில் அவன் தனியே கடற்கரைக்குப் போய் நின்றுவிட்டு வருவான். வேலை என்று சொல்வான். வாசலில் அவன் கழற்றும், மணல் ஒட்டி நனைந்த சப்பாத்தைப் பார்த்தும் அவள் நம்பியதாகவே காட்டிக்கொள்வாள்.

இந்த முறை அவனுக்கு முன்பே அவள் வெளிக்கிட்டு வாசலில் நின்றாள்.

"வதனிக்கு என்ன பூ விருப்பம்?"

கதவைத் திறக்கப் போன அவன் கை அப்படியே நின்றது. அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை இன்னொருவர் சொல்லி அவன் கேட்டதில்லை.

"பூவோ? பூ எல்லாம் அவவுக்குச் சரிவராது." கொஞ்சம் யோசித்தான். யோசித்தவன் சிரித்துவிட்டான். "ஐஸ்பழம்தான். காய்ச்சலோடையும் குச்சியைப் பிடிச்சுச் சூப்புவா."

கடற்கரையில் குளிர்காற்று. மணலில் ஆட்கள் இல்லை. ஐஸ் விற்கும் வண்டி ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே இருந்த மனிதர், இந்தக் குளிரிலா என்பதுபோல் இருவரையும் பார்த்தார். எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

தவநேசன் பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தான். 

சுகிர்தா மூன்று விரல்களைக் காட்டினாள்.