யாருடைய நாற்காலி

நாற்காலியை லிஃப்டுக்குள் வைத்துக் கதவை மூடினாள்.

பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி. நீல நிறம். முதுகில் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.

மணி மூன்று. அந்த நேரத்தில் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். பார்த்துத்தான் கிளம்பியிருந்தாள்.

நல்ல காரியத்துக்கு எதற்கு இந்த ஒளிவு மறைவு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரியும். லிஃப்ட் கண்ணாடியைப் பார்க்காமல் நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டார்கள். கேட் அருகே நாற்காலியில் வாட்ச்மேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, நல்ல தூக்கம்.

இதற்கா சம்பளம் என்றார் ஒருவர். ஆளை மாற்றுங்கள் என்றார் இன்னொருவர்.

அவள் நாலாவது மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம். அந்தக் குழுவில் அதுவரை ஐந்து முறை எழுதியிருந்தாள். ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை.

ஆறாவதாக இதை எழுதினாள்.

"இருபத்து நாலு மணி நேரப் பாதுகாப்புன்னு புரோக்கர் சொன்னார். இருபத்து நாலு மணி நேரக் குறட்டைன்னு இப்பதான் புரியுது."

நாற்பது பேர் சிரித்தார்கள். செக்ரட்டரி கைதட்டும் பொம்மை போட்டார். மாலையில் கடையில் ஏ பிளாக் பெண் ஒருத்தி, நீங்கதானே அது என்று தோளைத் தொட்டாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திரும்பி வந்தபோது வாட்ச்மேன்தான் காய்கறிப் பையை வாங்கி லிஃப்ட் வரை கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் ஒரு கூரியர் வந்தது. கேட்டில் இருந்த ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். தவறுதலாக முந்தைய பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

திங்கள் பகல், பணியில் ஏகாம்பரம்.

திங்கள் இரவு, ஏகாம்பரம்.

செவ்வாய் பகல், ஏகாம்பரம்.

இரவு ஆள் வரவில்லை என்று ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு.

அந்தப் பெயரையே அன்றுதான் தெரிந்துகொண்டாள். விரல் விட்டு எண்ணினாள். திங்கள் காலை ஆறிலிருந்து படம் எடுத்த நேரம் வரை ஏறக்குறைய முப்பத்திரண்டு மணி நேரம். இருபத்து நாலெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

நிமிர்ந்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை செக்ரட்டரி காலையிலேயே எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அதன் பிறகு கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவளுக்குக் குறுகுறுத்தது. ஒரே ஓர் ஆறுதல், எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது. அப்படி ஆறுதல் பட்டதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது.

"அண்ணா, இதுல உக்காருங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வேணாம்மா. போட்டோ எடுத்துருவாங்க."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைத் தேடினாள். இல்லை. மழை வரும் என்பதைப் போலச் சொன்னார்.

அவள் அதைக் கேட் ஓரமாகப் போட்டுவிட்டு, யாரும் பார்க்குமுன் திரும்பி வந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் படம் வந்தது.

நீல நாற்காலி மட்டும். யாரும் உட்காரவில்லை.

"கேட்ல சேர் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. இது யாருடையது?" என்று செக்ரட்டரி கேட்டிருந்தார்.

அதற்குக் கீழே ஒருவர், "மேடம் சொன்ன குறட்டை சர்வீஸ் மறுபடி ஆரம்பம்" என்றார். சிரிப்புப் பொம்மைகள் விழத் தொடங்கின.

என்னுடையது என்று எழுதினாள். அழித்தாள்.

எங்கள் வீட்டு நாற்காலி என்று எழுதினாள். இந்த முறை தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அதையும் அழித்தாள்.

காலிங் பெல் அடித்தது.

வாசலில் நாற்காலி. துடைத்திருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. குழுவில் இதுவரை அவள் கவனித்திராத ஓர் எண். பக்கத்தில் ஏகாம்பரம் என்று இருந்தது.

"சேர் எடுத்தாச்சு சார். யாருதுன்னு தெரியல."

தண்ணீர் லாரி வந்தால் சொல்வதற்காக யாரோ எப்போதோ அவரைச் சேர்த்திருக்க வேண்டும்.

அவள் செவ்வாய்க்கிழமைக்குப் போனாள். தான் எழுதிய வரியை அழுத்தினாள். படித்தவர்களின் பட்டியல் திறந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரம் போட்டிருந்தது.

அவள் எழுதியது மதியம் 1.52.

ஏகாம்பரம் படித்தது 1.53.

அது வந்த சத்தத்தில்தான் விழித்திருப்பார். படித்துவிட்டுத்தான் அன்று மாலை பையைத் தூக்கி வந்திருக்கிறார்.

அவள் வாசலிலேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. செக்ரட்டரிதான்.

"கேட்ல நிக்கிற உங்களுக்குத் தெரியாம எப்படி வரும்? நாளைல இருந்து வேற ஆள் அனுப்பச் சொல்லி ஏஜென்சில பேசறேன்."

சரி சார் என்று மட்டும் ஏகாம்பரம் எழுதினார்.

அதற்குக் கீழே, அவள் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.