உம்மாவின் சிவப்புப் பேனை

உம்மா சித்திர டீச்சர். மாணவிகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்த பிறகுதான் எனக்குச் சோறு கிடைக்கும். சுனாமியில் மவுத்தானார், நாங்கள்தான் அடக்கினோம்.

யுத்தம் முடிந்த வாரம், அவரிடம் படித்த பஸ்மிலா கொப்பியோடு வந்தாள்.

“ராத்தா, டீச்சர் இப்பவும் திருத்துறாங்க. மேசையில வெச்சிட்டு லுஹர் தொழுதிட்டு வந்தா, திருத்திக் கிடக்கும்.”

சிவப்பு மையில் உம்மாவின் கையெழுத்து. கீழே அன்றைய திகதி.

“எங்கட உம்மாக்கு நீ ஆருடி? நான்தான் மகள்!”

“ஏன் எரியிறீங்க? நீங்களும் ஒரு படம் கீறி வெச்சுப் பாருங்களன்.”

மறுநாள் ஒரு தோணி கீறினேன். பெற்றவளுக்குத் தெரியாதா என்று பெயர் எழுதாமலே வைத்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். தோணிக்குக் கீழே மை இன்னும் காயவில்லை.

“நன்று. யாருடைய பிள்ளை? பெயர் எழுதவும்.”