முழு டிக்கெட்

அறுபத்தெட்டில் காரைக்குடிப் பொருட்காட்சி ராட்டினத்தில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதிக் கட்டணம். நாகவல்லிக்கு முன்னால் நின்ற அமராவதிபுதூர்ப் புதுப்பெண்கூடப் பாதி கொடுத்து ஏறிவிட்டாள்.

டிக்கெட் கொடுப்பவன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான். “எந்த ஊரு?”

“பொறந்தது இந்த ஊருதான்.”

“வாக்கப்பட்டது?”

“சிவகங்கை.”

“அப்ப முழு டிக்கெட்டு.”

பாவாடை கட்டிய நாளில் இதே பொட்டலில் அவள் சுற்றாத ராட்டினமா? நாகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போன மாசம் வாக்கப்பட்டு வந்த உன் பொண்டாட்டி உள்ளூரு, உங்கூடப் பொறந்தவ வெளியூராடா?”

தம்பி நிமிர்ந்தான்.

“உள்ளூருன்னு விட்டா ராட்டினம் சுத்திட்டுக் கெளம்பிருவ. என் கல்யாணத்தன்னைக்கே சாயங்கால பஸ்ஸப் பிடிச்சவதான நீ? வெளியூர் ஆளு ராத்திரி தங்கித்தானக்கா ஆகணும்.”

நாகவல்லி முழு டிக்கெட்டுக்கே காசை நீட்டினாள்.